கை பொறுக்கிற சூடு

இசபெல் டீச்சருக்குக் கருநாக்கு என்று அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. வெடிக்கும் என்றாள், வெடித்துவிட்டது, ஆகவே அவள் வாய்தான் வெடிக்க வைத்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இது டைபாய்டு என்று சொன்ன டாக்டரின் சட்டையைப் பிடித்து, நீதானே கொண்டுவந்து கொடுத்தாய் என்று உலுக்குகிற மாதிரி. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியவள் இவளாகிப் போனாள்.

கேட்டுக்கொண்டு இருக்கிற ஆளா அவள்? மூக்குக்கு மேலே கோபம் என்பார்கள். இவளுக்கு மூக்கு முளைக்கும் முன்பே கோபம் முளைத்துவிட்டது என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அப்பா சர்ச்சில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பெருக்குவது, பாஸ்டருக்குக் குடை பிடிப்பது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டதும் இசபெல் நேரே அங்கேதான் போவாள். கூடத்தின் மூலைக்கு மூலை ஈரச்சாக்கு கிடக்கும். எங்கேயாவது ஒரு கட்டுக் குச்சி உரசிப் புஸ்ஸென்று பற்றினால், பக்கத்தில் இருக்கிறவள் சாக்கை எடுத்து அதன் மேல் போட்டு அமுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதையைத் தொடருவாள். தீ என்றால் ஈரச்சாக்கு. அந்த வட்டாரத்தில் தத்தி நடக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

கணக்கு டீச்சரானதும் கோபத்தால்தான். பிளஸ் ஒன்னில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் அடுக்குக்குறிச் சார்பு என்று எழுதி ஒரு வளைகோடு போட்டார். கோடு ரொம்ப தூரம் தரையோடு தரையாகப் போய், திடீரென்று நெட்டுக்குத்தாக வானத்துக்கு ஏறியது. ஏன் சார் இப்படித் தூக்குது என்று இவள் எழுந்து கேட்டாள். அது பரீட்சைக்கு வராது, உட்காரு என்றார் அவர். உட்கார்ந்தாள். ஆனால் அந்த உட்காரு அவளுக்குள் உட்காரவே இல்லை. அதற்கு விடை தெரிந்தே தீர வேண்டும் என்று விருதுநகர் கல்லூரியில் கணிதத்தில் சேர்ந்தாள். பிறகு பி.எட்., பிறகு சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பாள், ஆனால் எவரையும் கேள்வி கேட்டதற்காக உட்காரச் சொன்னதில்லை.

கட்டிக்கொண்ட ராஜசிங் அவளுக்கு நேர் எதிர். மேனேஜர் சொன்னால் சரி, பாஸ்டர் சொன்னால் சரி, பஸ் கண்டக்டர் சொன்னாலும் சரி. யாராவது காலை மிதித்துவிட்டால் இவன்தான் மன்னிப்புக் கேட்பான். தீப்பெட்டிக் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்கு மாறி, அங்கே போர்மேன் ஆனான். தன் கீழே வேலை செய்கிறவர்களையே வாங்க, போங்க என்று பேசுகிற போர்மேன். உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று இசபெல் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பாள். உனக்கும் சேர்த்து அது உன்கிட்டயே இருக்கே என்பான் அவன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். வெளியே நல்ல இடி, மழை. பாடம் அதே அடுக்குக்குறி. அவளுடைய பிள்ளைகள் செய்கிற தப்பு எப்போதும் ஒன்றுதான். இரண்டின் ஐந்து மடங்கையும், ஐந்தின் வர்க்கத்தையும், இரண்டின் ஐந்தாம் அடுக்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். அவள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். மூன்றாவது இடத்தில் வர்க்கம் ஒன்பது, அடுக்கு எட்டு. அடுக்கு பின்தங்கித்தான் நிற்கிறது. நான்கில் இரண்டும் பதினாறு. ஐந்தில் அது இருபத்தைந்து, இது முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு அடுக்கு திரும்பிப் பார்க்காது. முதலில் சோம்பேறி மாதிரி நடக்கிறதே என்று ஏமாறாதே, அதுதான் அதன் குணம் என்றாள்.

நம்ம ஊர்ப் பக்கம் இதற்கு உதாரணம் சொல்லுங்கள் என்றதும் முன் பெஞ்சில் இருந்த பாண்டிமீனா சரவெடி என்றாள். வகுப்பே ஆமோதித்தது. இசபெலுக்கு வந்ததே கோபம். பாதிப் பேர் வீட்டில் சரவெடி பின்னுகிறார்கள், இதுகூடத் தெரியவில்லையா என்று பிடித்துக்கொண்டாள். சரத்தில் ஒரு வெடி அடுத்த ஒரு வெடியைத்தான் பற்ற வைக்கும். பத்தாவது வெடிக்கும் ஆயிரமாவது வெடிக்கும் நடுவே வேகம் மாறுவதே இல்லை. அது நேர்கோடு. ஒன்று இரண்டைப் பற்ற வைக்க வேண்டும், இரண்டு நான்கை, நான்கு எட்டை. எரிந்தது எவ்வளவோ, அவ்வளவுக்கு அடுத்தது வேகமாக எரிய வேண்டும். அப்படி ஒன்றை உங்கள் அப்பா அம்மா செய்தால் அதை விற்க உயிரோடு இருக்க மாட்டார்கள் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு சிவகாசி பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர்த் தாளை ஆளுக்கு ஒன்று கொடுத்து மடிக்கச் சொன்னாள். மடிக்க மடிக்கக் கனம் இரட்டிக்கும். ஐந்தாவது, ஆறாவது மடிப்பில் விரல் திணறியது. எந்த மடிப்பில் கனம் தெரிந்தது என்று கேட்டாள். அஞ்சுல டீச்சர் என்றார்கள். அதற்கு முன்னால்? ஒண்ணும் தெரியலை.

“தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமாலே?” என்றாள் இசபெல். அதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

ராஜசிங்தான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பேசுவதென்றால் கேட் பக்கத்து ஆபீஸ் அறைக்கு வந்துதான் பேச வேண்டும். வர நேரமாகும் என்று சொல்லக் கூப்பிட்டிருந்தான். இடி இடித்ததால் எல்லோரையும் வெளியே எடுத்து வேன் நிற்கிற கொட்டகையில் உட்கார வைத்திருந்தார்களாம். இப்போது மழை விட்டது. லோடு இன்றைக்கே போக வேண்டும், விட்ட வேலையை முடியுங்கள் என்று மேனேஜர் ராஜபாண்டியன் தலைமேல் நிற்கிறாராம். இத்தனையும் சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது ஒரு குறையையும் சொன்னான். எவனோ மருந்து அறைக்குள் ஒண்ணுக்கு அடித்துவிட்டான் போல, மூத்திர வாடை குடலைப் பிடுங்குகிறது என்றான்.

மருந்து என்றால் பூச்சட்டி வாணத்துக்குள் திணிக்கிற மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் கலந்து தட்டில் கிடப்பது. அதிலா வாடை வருகிறது என்று இசபெல் கேட்டாள். ஆமாம், மின்னல் பொறி கிறி பட்டுவிடக் கூடாதே என்று ஈரச்சாக்கு போட்டு மூடித்தான் வைத்தேன், சாக்கைத் தூக்கினால் நாற்றம் என்றான்.

“லேசாச் சூடா வேற இருக்கு. கை பொறுக்குற சூடுதான்.”

அந்த வார்த்தை அவளுக்கு ஏன் உறைத்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முன்னாடி எப்படி இருந்தது, எப்போது எப்போது தொட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். அவன் எதற்கு இது என்று திகைத்தான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க என்று அதட்டினாள். அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். மூடும்போது தரை மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இளஞ்சூடு. அதற்கப்புறம் அரை மணியில், காய்ச்சல்காரப் பிள்ளை உடம்பு மாதிரி. கால் மணி கழித்து, இதோ இப்போது பார்த்துவிட்டுத்தான் வருகிறான், டீ கிளாஸைப் பிடித்த மாதிரி.

இசபெல் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். பத்து டிகிரி சூடு ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று காலையில் எழுதிப் போட்ட ஒரு கணக்கு மூலையில் அழிக்காமல் இருந்தது. சூடு ஏற ஏற வேகம், வேகம் ஏற ஏறச் சூடு. ஒரு மணி, அரை மணி, கால் மணி. அடுத்தது கால் மணியில் பாதி, அதற்கடுத்தது அதிலும் பாதி. இப்படிப் பாதி பாதியாகப் போகிறதை எல்லாம் கடைசி வரைக்கும் கூட்டினாலும் இன்னொரு கால் மணிதான் வரும். அது அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ வருஷமாக நடத்துகிறாள், எத்தனையோ பேருக்கு நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த வளைகோட்டின் மேல் ஆட்கள் நிற்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் கால் மணியிலும் கொஞ்சம் பேசியே தீர்ந்துவிட்டது.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். முருகம்மாளும் அவள் கூட வேலை செய்கிறவர்களும் இப்போதுதான் உள்ளே போகிறார்கள் என்றான். முருகம்மாள் என்றால் பாண்டிமீனாவின் அம்மா. பாண்டிமீனா எதிரே மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாரையும் வேலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள், இந்த நிமிஷமே என்றாள் இசபெல். ராஜசிங் தயங்கினான். மேனேஜர் நிக்காரு, என்னன்னு சொல்லட்டும் என்றான். சூடு கொஞ்சம்தான், கை பொறுக்குது என்று மறுபடி ஆரம்பித்தான். அப்போது வகுப்பே கேட்க அவள் கத்தினாள்.

“உங்க மேனேஜர் இன்னைக்கு ஒரு நாள்தான் வைவாரு. நான் ஆயுசு பூரா வைவேன். எது வேணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.”

போன் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. அவன் அறிவியலை நம்பிப் போகவில்லை, கணக்கை நம்பியும் போகவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்து போனான். அந்தப் பயம் நல்ல பயம். மருந்து அறை வாசலில் நின்று வெளியே வாங்க, வெளியே வாங்க என்று கைகூப்பிக் கூப்பிட்டிருக்கிறான். போர்மேன் கும்பிடுகிறாரே என்று பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ராஜபாண்டியன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, வேலைக்குத் திரும்புங்கள் என்று வேலி வரைக்கும் துரத்திக்கொண்டே வந்தார். அப்படித் துரத்தி வந்ததால்தான் அந்த மனுஷனும் பிழைத்தார். அறை தரைமட்டமானபோது உள்ளே ஓர் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் ஆடின. பாண்டிமீனா எழுந்து நின்றாள். கம்பெனியிலிருந்து போன் திரும்ப வரும்வரை இசபெல் அவள் கையை விடவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் இவளுக்கு ஒரு சால்வை போர்த்தியிருப்பார்கள். நம் ஊரில் அப்படி நடந்தால் காக்கை வெள்ளையாகிவிடும். சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது, மருந்தில் உராய்வு ஏற்பட்டு விபத்து என்று. எந்தக் கம்பெனியில் எது வெடித்தாலும் உராய்வுதான். உராய்வு என்றால் வேலை செய்தவன் கவனக்குறைவு என்று அர்த்தம். செத்தவன் எழுந்துவந்து நான் உரசவில்லை என்று சொல்லப் போவதில்லை, ஆகையால் அது எல்லாருக்கும் வசதியான வார்த்தை. முதலாளி தலைமறைவு. போர்மேனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

ஸ்டேஷனுக்கு ஓடினாள் இசபெல். அங்கே ராஜபாண்டியன் நெற்றியில் விபூதி கலையாமல் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: வெடிக்கப் போகிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு, மருந்து அறை வெடிக்கிற நேரம் நிமிஷக் கணக்கில் எப்படித் தெரிந்தது? யாராவது வைத்தால்தானே தெரியும் என்று சொல்லாமல் சொன்னார். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றி கெட்டதனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? மனுஷன் தன் உயிரோடு அங்கே உட்கார்ந்திருப்பதே இவள் போட்ட சத்தத்தால்.

இசபெல் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வரைந்தாள். ஒரு மணி, அரை மணி, கால் மணி என்று குறித்தாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மனசில் ஓடுவது நேர்கோடு. கை பொறுக்கிற சூடு என்றால் நெருப்பாக இன்னும் எவ்வளவோ நேரம் இருக்குமே டீச்சர் என்றார். அப்படி எல்லாரும் நினைப்பதால்தான் சார் சாகிறார்கள் என்றாள். மறுபடி வரைந்தாள். அவர் தலையைச் சொறிந்து, நமக்குக் கணக்கு அப்பவே வராது என்று சிரித்தார். கணக்கு வராது என்பதை இந்த நாட்டில் எத்தனை பெருமையாகச் சொல்கிறார்கள். எழுத்து வராது என்று எந்த ஆபீசராவது அப்படிச் சிரித்துச் சொல்வாரா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, உராய்வுன்னே வச்சுக்கிடுவோம். ஆளே இல்லாத ரூம்ல எது எதோட சார் உரசுச்சு?”

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். பிறகு, எலி ஓடியிருக்கும் சார் என்றார்.

எலி. வெடித்த கம்பெனியின் மேனேஜர் சொன்ன விளக்கம் அது. அதைச் சொல்லிவிட்டு அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போய்த் தணிந்த குரலில் பேசினார். உராய்வு என்றால் யார் மேலும் பெரிய குற்றம் வராது டீச்சர், ராஜசிங் இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான், கம்பெனியும் சீசனுக்குள் திறந்துவிடும், அத்தனை பேருக்கும் வேலை இருக்கும் என்றார். நீங்கள் சூடு, வளைகோடு என்று பேசினால் ஈரச்சாக்கைப் போட்டது யார் என்ற கேள்வி வரும், போட்டது உங்கள் வீட்டுக்காரன்தானே என்றார்.

அங்கேதான் இசபெல் மாட்டிக்கொண்டாள். சாக்குதான் காரணம் என்று அவளுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. ஸ்டேஷனுக்கு வருகிற வழியில், பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஜாஸ்பின் போனில் விளக்கியிருந்தாள். அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் ஈரம் பட்டால் தாமாகவே சூடேறும். அந்த மூத்திர வாடை அமோனியா. தீப்பெட்டி ஆபீஸில் உயிரைக் காக்கிற ஈரச்சாக்கு இந்த மருந்துக்கு எமன். ராஜசிங் நல்லது நினைத்துப் போட்டான். இவள் அங்கே இருந்திருந்தால் இவளும் அதைத்தான் போட்டிருப்பாள்; அம்மா மடியில் கற்ற பாடம். சாக்கு என்று சொன்னால் அவன் உள்ளே இருப்பான். எலி என்று சொன்னால் வீட்டுக்கு வருவான். வாழ்நாளெல்லாம் எதற்கெல்லாமோ சண்டை போட்ட அந்தப் பொம்பளை அன்று வாயை மூடிக்கொண்டாள். சரி, எலி என்றே இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

மூலையில் தரையில் உட்கார்ந்திருந்த ராஜசிங் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“இசபெல், சாக்குதானா?”

மற்றவர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவனிடம் அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆமாம் என்றாள். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். ஈரச்சாக்கு போட்டது நான், வேலை நின்றதும் மீந்த மருந்தை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னது மேனேஜர், சூடாக இருக்கிறது என்று சொன்னதும் ஈரம் காய்ந்துவிடும், நல்லதுதான் என்று ஆளை உள்ளே அனுப்பியதும் அவர், எழுதிக்கொள்ளுங்கள் சார் என்றான். ராஜபாண்டியன் எழுந்தே விட்டார். இசபெல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உங்களுக்குப் பைத்தியமா, ரோஷம் காட்ட இந்த நாள்தான் கிடைத்ததா என்று அழுதுகொண்டே வைதாள்.

“நாளைக்கு வேற கம்பெனில எவனாச்சும் சாக்கு போடுவான். அவனும் தீப்பெட்டில இருந்து வந்தவனாத்தான் இருப்பான்,” என்றான் ராஜசிங்.

அவள் கையை விட்டாள். அவன் ஜெயிலுக்குப் போய், பிறகு ஜாமீனில் வந்தான். மேனேஜரும் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து, வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சீசன் நேரத்தில் சீல். வேலை போன அத்தனை பேரின் வயிற்றெரிச்சலும் இசபெல் வீட்டு வாசலுக்கு வந்தது. உயிரைக் காப்பாற்றினாயே மகராசி என்று ஒருவர் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா பாவி என்றுதான் வந்தார்கள். முருகம்மாள் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவள் மகள் பாண்டிமீனா வகுப்பில் முன் பெஞ்சை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனாள். போர்மேன் வேலை இனி எவன் தருவான்? ராஜசிங் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கப் போனான்.

இசபெல் மட்டும் ஓயவில்லை. விடிகாலையில் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றுகிற இடத்தில் போய் நிற்பாள். அலுமினிய மருந்துக்கு ஈரச்சாக்கு போடாதீர்கள், இளஞ்சூடு தெரிந்தால் அங்கேயே நிற்காதீர்கள், கை பொறுக்கிறது என்பதற்காக நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள் என்று சொல்வாள். வளைகோட்டை மண்ணில் குச்சியால் கீறிக் காட்டுவாள். கருநாக்கு வந்துட்டா, இன்னைக்கு எந்த ஆபீஸோ என்று பெண்கள் மூன்று முறை துப்பிவிட்டு வேனில் ஏறுவார்கள். முருகம்மாளும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். காதைத் திருப்ப முடியாதல்லவா?

ஒரு நாள் சாயங்காலம் முருகம்மாள் வந்து கதவைத் தட்டினாள். கூட இன்னும் இரண்டு பெண்கள். மறுபடி மண் வாரத்தான் வந்திருக்கிறாள் என்று இசபெல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

“உங்களால எனக்கு அந்தக் கம்பெனியும் போச்சு டீச்சர்,” என்றாள் முருகம்மாள்.

என்ன நடந்தது என்று கேட்டதற்கு நின்றபடியே சொன்னாள். காலையில் மழைத் தூறல். அங்கேயும் ஒரு தட்டு மருந்து மீந்து கிடந்தது. புதுப் போர்மேன் ஈரச்சாக்கைப் போட்டு மூடினான், அவனும் தீப்பெட்டியில் இருந்து வந்தவன்தான். சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போனால் அதே மூத்திர வாடை. தொட்டுப் பார்த்தாள், சும்மா இளஞ்சூடு. ஒன்றுமே இல்லாத சூடு. அய்யய்யோ வெளிய வாங்க என்று அலறிக்கொண்டு ஓடினாள். இந்த இரண்டு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் போட்ட கூச்சலில் போர்மேன் மிரண்டு, தட்டை வெளியே தூக்கிவந்து மணலில் மெல்லிசாகப் பரப்பிவிட்டான். ஆறிப்போய்விட்டது. வேலை கெட்டது என்று அந்தக் கம்பெனி மேனேஜர் வந்து நின்றார்.

“வெடிக்கலை டீச்சர். வெடிக்காததுனாலதான் எங்க மூணு பேரையும் நிறுத்திட்டாக.”

இசபெலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெடித்தால் கருநாக்கு. வெடிக்காவிட்டால் பைத்தியக்காரி. நடக்காமல் தடுத்ததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அப்போது கூட வந்த பெண்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள். சம்பளக் கணக்கு முடித்து வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தாளாம். அந்தப் போர்மேன் அங்கே கிடந்த ஈரச்சாக்கை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்தானாம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறான்.

உள்ளே இருந்து ராஜசிங் அதைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். வந்தவர்கள் உட்காரப் பாயை எடுத்துப் போட்டான். இசபெல் அவர்களை உட்காரவும் விடவில்லை. இங்கன இருந்து எத்தனை இடத்தில் வேன் நிற்கும் என்று முருகம்மாளைக் கேட்டாள். ரைஸ்மில், சர்ச் முக்கு, கம்மாய்க்கரை, பெரிய ரோடு என்று அவள் விரல் மடக்கினாள்.

“அப்பச் சரி. காலம்பற ஆளுக்கு ஒரு இடத்துல நிப்போம்,” என்றாள் இசபெல்.

“வைவாக டீச்சர்.”

“வையட்டும். நமக்கு மட்டும் வாய் இல்லையா?”

மறுநாள் விடியும்போது நான்கு இடத்திலும் சண்டை நடந்தது.